வந்தவரைத் திருப்பி அனுப்பாத இணையத்தளம்: தவிர்க்க வேண்டிய வடிவமைப்புப் பிழைகள்

பினாங்கு ஜார்ஜ்டவுனில், லெபோ பாசாரை ஒட்டிய ஒரு பலகாரக் கடைக்குத் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது புதிய இணையத்தளம் தொடங்கப்பட்டது. பத்து நாளாகியும் ஒரு முன்பதிவுகூட வரவில்லை என்றும், விலையைக் குறைத்துவிடலாமா என்று யோசிப்பதாகவும் கடைக்காரர் கோலாலம்பூரில் இருந்த என்னை அழைத்துச் சொன்னார். கைப்பேசியில் திறந்து பார்த்தேன். ஐந்து பெரிய படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டிருந்தன. முறுக்கின் விலை நான்காவது படத்துக்குள் எழுதப்பட்டிருந்தது; அதைப் படித்து முடிப்பதற்குள் ஐந்தாவது படம் வந்துவிட்டது. பக்கத்தின் அடியில் இருந்த பச்சை நிறப் புலனப் (வாட்ஸ்அப்) பொத்தானை அழுத்தியபோது, அந்த எண் புலனத்தில் இல்லை என்ற செய்தி வந்தது. கடையின் எண் 012 என்று தொடங்குவது. அதை அப்படியே இணைப்பில் போட்டிருந்தார்கள். புலன இணைப்பு நாட்டுக் குறியீட்டோடு இருந்தால்தான் வேலை செய்யும் என்பதால், கூட்டல் குறியோ இடைக்கோடோ இல்லாமல் அது 6012 என்று தொடங்கியிருக்க வேண்டும். முன்னால் ஒரே ஓர் 6 சேர்த்த அன்று மாலையே முதல் முன்பதிவு வந்தது. விலையில் எந்தக் குறையும் இருக்கவில்லை.

ஒரு தளத்துக்கு வருபவர் ஒரு கேள்வியோடுதான் வருகிறார். கோவில் தளமாயின் இன்று மாலைப் பூசை எத்தனை மணிக்கு என்பதும், தமிழ்ப்பள்ளித் தளமாயின் முதலாம் ஆண்டுப் பதிவுக்கு எந்தெந்த ஆவணங்களைக் கொண்டுவர வேண்டும் என்பதும், உணவகத் தளமாயின் இப்போது கடை திறந்திருக்கிறதா என்பதும் அந்தக் கேள்வியாக இருக்கும். அவர் கேஎல் சென்ட்ரலில் இரயிலுக்குக் காத்துக்கொண்டு, ஒரு கையில் பையும் மறு கையில் கைப்பேசியுமாக நின்றுகொண்டிருப்பார். ஆனால், நான் பழுதுபார்க்க எடுத்துக்கொண்ட தளங்களில் பெரும்பாலானவை, உரிமையாளரின் அலுவலகத்தில், விரைவான இணைப்பில், அகன்ற கணினித் திரையில் பார்த்து ஒப்புதல் அளிக்கப்பட்டவை. கீழே சொல்லப்படும் பிழைகள் பலவாயினும், அவற்றின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே, வடிவமைப்பாளர் தம் வேலையைக் காட்ட வரும்போது மடிக்கணினியை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, உங்கள் கைப்பேசியில் வைஃபையை அணைத்து, கைப்பேசித் தரவில் தளத்தைத் திறந்து பாருங்கள்.

முதல் திரையும் படங்களின் எடையும்

விரலால் நகர்த்தாமல் கண்ணில் படும் பகுதியில் மூன்று செய்திகள் இருந்தாக வேண்டும்: நீங்கள் யார், என்ன தருகிறீர்கள், உங்களை எப்படி அடைவது. 'வருக வருக' என்ற வரவேற்பும், நிறுவனரின் படமும், சங்கத்தின் வரலாறும் அவற்றுக்குப் பின்னால் வரட்டும். தானாக நகரும் படவரிசையை நான் எந்தச் சிறு வணிகத்துக்கும் பரிந்துரைப்பதில்லை. எதை முதலில் காட்டுவது என்று முடிவெடுக்க இயலாத நிலையில்தான் அது பெரும்பாலும் சேர்க்கப்படுகிறது. அந்த முடிவை எடுப்பது உரிமையாளரின் கடமை. ஒரே ஒரு நல்ல படத்தை வைத்து, விலையையும் நேரத்தையும் அதன் கீழே எழுத்தாகத் தந்தால் போதும்.

அந்த ஒரு படமும் எடை குறைந்ததாக இருக்க வேண்டும். இன்றைய கைப்பேசிக் கேமரா எடுக்கும் படம் நான்காயிரம் படப்புள்ளி (பிக்சல்) அகலத்தில், பல மெகாபைட்டு எடையில் இருக்கும். அதைக் காட்டப்போகும் திரைக்கோ 1,200 முதல் 1,600 படப்புள்ளி அகலம் தாராளமாகப் போதும். அந்த அளவுக்குச் சுருக்கி, வெப்பி (WebP) என்ற பட வடிவில் சேமித்தால், படம் பெரும்பாலும் இருநூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. பக்கத்தின் முதன்மையான உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தோன்றினால் நல்லது என்பது கூகுள் வகுத்திருக்கும் அளவுகோல். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற அந்நிறுவனத்தின் இலவசக் கருவியில் தள முகவரியைக் கொடுத்தால், எந்தப் படம் தாமதத்துக்குக் காரணம் என்பதை அது பெயரோடு சுட்டிக்காட்டும்.

இதனோடு இன்னொன்றும் உண்டு. படத்தின் அகலத்தையும் உயரத்தையும் நிரலில் முன்கூட்டியே குறிப்பிடாவிட்டால், படம் வந்து சேரும்போது அதன் கீழுள்ள எழுத்தெல்லாம் சட்டென்று கீழே தள்ளப்படும். 'அழைக்க' என்ற பொத்தானை நோக்கி விரல் போகும் நேரத்தில் பொத்தான் நகர்ந்து, அந்த இடத்தில் வேறோர் இணைப்பு வந்து நிற்கும். வடிவமைப்பாளரிடம் இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். இரண்டு எண்களைச் சேர்க்கும் வேலைதான் அது.

தமிழ் எழுத்துக்கு உரிய இடம்

இந்தப் பகுதியில் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில், பொதுவான வடிவமைப்பு நூல்களில் இவை பெரும்பாலும் காணக் கிடைப்பதில்லை. நமக்குக் கிடைக்கும் ஆயத்த வார்ப்புருக்கள் ஆங்கில எழுத்தை மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டவை. அவற்றில் தமிழை ஊற்றினால் எங்கே நெரிசல் ஏற்படும் என்பதை நாம்தான் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும்.

முதலில் வரி உயரத்தைக் கவனியுங்கள். 'முறுக்கு, தீபாவளிப் பலகாரம்' என்ற தலைப்பைப் பெரிய எழுத்தில், ஆங்கிலத் தலைப்புகளுக்குப் பழக்கமான 1.1 மடங்கு வரி உயரத்தில் இரண்டு வரிகளாக அமைத்துப் பாருங்கள். 'தீ'யின் மேற்சுழியும் 'ளி'யின் மேல்விலங்கும் மேலே எழும்; 'று', 'கு' ஆகியவற்றின் கீழ்க்கோடுகள் கீழே இறங்கும். இரண்டு வரிகளும் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும். பெட்டியின் விளிம்பு வெட்டப்படும் வகையில் அமைந்திருந்தால், 'கு'வின் வால் அறுபட்டு வெறும் 'க'வைப்போலத் தெரியும். உள்ளடக்க எழுத்துக்கு 1.6 முதல் 1.8 மடங்கும், தலைப்புக்குக் குறைந்தது 1.4 மடங்கும் கொடுப்பது என் வழக்கம். எழுத்து அளவும் ஆங்கிலத்தைவிட ஒரு படி கூடுதலாக இருக்கட்டும். 16 படப்புள்ளியில் ஆங்கிலம் தெளிவாக இருக்கும் இடத்தில் தமிழுக்கு 17 அல்லது 18 தேவைப்படும்.

அடுத்தது எழுத்து இடைவெளி. ஆங்கிலத் தலைப்புகளில் எழுத்துகளைச் சற்று விலக்கி வைப்பது ஓர் அழகு முறை. அதே அமைப்பு தமிழுக்கும் போய்ச் சேர்ந்தால், 'கொ' என்ற எழுத்தின் கொம்பும் ககரமும் காலும் சில உலாவிகளில் தனித்தனியாகச் சிதறி நிற்கக்கூடும். தமிழுக்கு அந்த அளவைச் சுழியமாக வையுங்கள். சாய்வெழுத்தும் அப்படியே: பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களுக்குத் தனிச் சாய்வு வடிவம் கிடையாது என்பதால், உலாவி நேரெழுத்தைச் செயற்கையாகச் சாய்த்துக் காட்டும். மேற்கோளை வேறுபடுத்த நிறத்தையோ உள்தள்ளலையோ பயன்படுத்தலாம்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'பதிவுசெய்துகொள்ளலாம்' என்பது ஒரே சொல். குறுகிய திரையில் அது ஒரு வரியின் பாதியை எடுத்துக்கொள்ளும். இருபுறமும் சமன்செய்த பத்தியில் இத்தகைய சொற்கள் வந்தால், மற்றச் சொற்களுக்கு இடையே பல்விழுந்த வாய்போல வெற்றிடங்கள் தோன்றும். கைப்பேசியில் இடப்பக்கம் மட்டும் ஒழுங்குசெய்து விட்டுவிடுங்கள். பொத்தான்களுக்கு அகலத்தை நிலையாக நிர்ணயிக்காமல், சொல்லுக்கேற்ப விரியும்படி அமைக்கச் சொல்லுங்கள், சொல்லையும் சுருக்குங்கள். 'எங்களைத் தொடர்புகொள்ள இங்கே அழுத்தவும்' என்று எழுதுவதைவிட 'அழைக்க' என்று எழுதுவது தெளிவு.

எழுத்துருவைப் பொறுத்தவரை இன்று நமக்குக் குறை இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் ஆகியவை கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி ஆப்பிள் கணினிகளிலேயே இடம்பெற்றிருக்கிறது. ஒரு தளத்துக்கு ஓர் எழுத்துரு, அதில் இரண்டு தடிப்புகள் என்பது போதும். நான்கு எழுத்துருக்களைச் சேர்த்தால் பக்கத்தின் எடையும் ஏறும், பார்வையும் சிதறும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது, எழுத்து உண்மையான எழுத்தாக இருப்பது. விழா அழைப்பிதழைப் படமாக ஏற்றிவிட்டு, அதுவே பக்கம் என்று விட்டுவிடுவது நம்மிடையே மிகப் பரவலான வழக்கம். படத்துக்குள் இருக்கும் தேதியையும் இடத்தையும் தேடுபொறி நம்பத்தக்க வகையில் படிக்காது. பார்வையற்றவருக்குத் திரைவாசிப்பான் படித்துக் காட்டாது. கைப்பேசியில் பெரிதாக்கினால் மங்கும். மண்டபத்தின் முகவரியை நகலெடுத்து வழிகாட்டிச் செயலியில் ஒட்டவும் இயலாது. அழைப்பிதழ்ப் படம் இருக்கட்டும். அதன் கீழே நாள், நேரம், இடம், தொடர்பு எண் ஆகிய நான்கையும் எழுத்தில் தாருங்கள்.

எழுத்தாக இருந்தால் மட்டும் போதாது, ஒருங்குறியில் (யூனிகோட்) இருக்க வேண்டும். 2001ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்த காலத்தில் டிஸ்கி, டாப், டாம் எனப் பல குறியாக்கங்கள் புழக்கத்தில் இருந்தன. அதற்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் முழுவதும் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. அச்சகத்தில் உருவாக்கிய ஆண்டு மலரிலிருந்து எடுத்து ஒட்டப்படும் கட்டுரைகள் இன்றும் பழைய குறியாக்கத்தோடு தளங்களுக்குள் வந்துவிடுகின்றன. சோதிப்பது எளிது: தளத்தில் உள்ள ஒரு சொல்லை நீண்ட நேரம் அழுத்தி நகலெடுத்து, புலனச் செய்தியில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் நல்லது. தாறுமாறான குறிகள் வந்தால், குறியாக்க மாற்றிக் கருவியில் இட்டு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும். மாற்றிய பிறகும் ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். 'ர்' வர வேண்டிய இடத்தில் துணைக்காலின் மேல் புள்ளி வைத்த வடிவம் சில மாற்றிகளிலிருந்து வந்துவிடும். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும். ஆனால், அந்தச் சொல்லை யார் தேடினாலும் அகப்படாது.

பக்கத்தின் முகவரியில் தமிழ் எழுத்தைப் பயன்படுத்துவது பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். ஆசை நியாயமானதே. ஆனால், அந்த முகவரியை நகலெடுத்து அனுப்பும்போது, பல இடங்களில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது குறிகளாக விரிந்துவிடும். 'முறுக்கு' என்பது ஒருங்குறியில் எட்டுக் குறிகள். முகவரியில் அது 72 குறிகளாகும். புலனக் குழுவில் அப்படி ஓர் இணைப்பைப் பார்ப்பவர், மோசடி இணைப்போ என்று அஞ்சித் தொடாமல் விட்டுவிடுவார். அதே சொல்லை ரோமன் எழுத்தில் எழுதினால் ஏழு எழுத்தோடு முடிந்துவிடும். பக்கத்தின் தலைப்பு தமிழில் இருக்கட்டும். முகவரி சுருக்கமாக ரோமனில் இருக்கட்டும்.

மொழி மாற்றும் பொத்தான்

மலேசியத் தளம் என்றால் மலாய், ஆங்கிலம், தமிழ் என்று இரண்டு மூன்று மொழிகள் வந்துவிடும். மொழியைக் குறிக்கக் கொடியை வைக்காதீர்கள். தமிழுக்கு எந்த நாட்டுக் கொடியை வைப்பது? இந்தியக் கொடியை வைத்தால், இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த வாசகருக்கு அது உறுத்தும். 'தமிழ்' என்று தமிழிலேயே எழுதிவிடுங்கள். மற்ற மொழிகளையும் அவற்றின் பெயராலேயே குறிப்பிடுங்கள்.

இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தாமல் ஏற்றுவது அதைவிடப் பெரிய பிழை. முகப்புப் பக்கத்தைக் குறிக்கும் 'ஹோம்' என்ற சொல் 'வீடு' ஆகிவிடுகிறது. முன்பதிவு செய்யச் சொல்லும் 'புக்' என்ற பொத்தான் 'புத்தகம்' ஆகிவிடுகிறது. திருமண மண்டபம் ஒன்றின் தளத்தில் 'இப்போது புத்தகம்' என்று எழுதியிருந்ததை நானே திருத்தியிருக்கிறேன். தமிழ்ப் பக்கத்தை நாடி வந்தவரை மதிக்கவில்லை என்பதை இந்த ஒரு சொல்லே சொல்லிவிடும். ஐம்பது பக்கங்களை இயந்திரத்தின் கையில் விடுவதைவிட, ஐந்து பக்கங்களை ஒருவர் உட்கார்ந்து எழுதுவது மேல். கூடவே, தமிழ்ப் பக்கத்தின் மூல நிரலில் மொழி தமிழ் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வார்ப்புருவில் ஆங்கிலம் என்றே விடப்பட்டிருந்தால், திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயன்று குழறும்.

படிவங்கள்

ஒரு படிவம் நம் மக்களைத் திருப்பி அனுப்புவதற்கு நான் கண்ட காரணங்களில் முதன்மையானது பெயர்க் கட்டம். நம் அடையாள அட்டையில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையே ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்) என்ற குறி இருக்கிறது. வெளிநாட்டு வார்ப்புருவில் அமைந்த படிவம், சாய்கோட்டைக் கண்டவுடன் 'செல்லாத பெயர்' என்று சிவப்பில் எழுதும். அடையாள அட்டையில் உள்ளபடியே நிரப்பச் சொல்லிவிட்டு, அப்படி நிரப்பினால் ஏற்க மறுப்பது எவ்வளவு பெரிய அவமதிப்பு! முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கட்டாயமாக்குவதும் அத்தகையதே. குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத நம்மவர் அதில் எதை எழுதுவார்? 'முழுப் பெயர்' என்று ஒரே கட்டத்தை வைத்து, சாய்கோடு, புள்ளி, இடைவெளி, தமிழ் எழுத்து ஆகிய அனைத்தையும் ஏற்கும்படி அமைக்கச் சொல்லுங்கள்.

கட்டத்தின் பெயரைக் கட்டத்துக்கு உள்ளே மங்கிய எழுத்தில் மட்டும் எழுதுவதைத் தவிருங்கள். தட்டச்சு செய்யத் தொடங்கியவுடன் அது மறைந்துவிடுவதால், எதை நிரப்பிக்கொண்டிருந்தோம் என்பது முதியவர்களுக்கு மறந்துபோகும். கட்டத்துக்குள் எழுத்தளவு 16 படப்புள்ளிக்குக் குறைந்தால், ஐபோனில் திரை தானாகவே பெரிதாகி, படிவத்தின் மறுபாதி கண்ணைவிட்டு விலகும். தொலைபேசி எண் கட்டத்தைத் தொட்டால் எண் விசைப்பலகை வர வேண்டும். ஒரு கட்டத்தில் பிழை இருந்தால், அந்தக் கட்டத்தின் அருகிலேயே அதைச் சொல்ல வேண்டும். நிரப்பிய மற்றவற்றை அழித்துவிடக் கூடாது.

தேவையில்லாததைக் கேட்காதீர்கள். முறுக்கு வாங்குபவரின் அடையாள அட்டை எண் கடைக்கு எதற்கு? வணிக நோக்கில் தனிநபர் தரவைச் சேகரிப்பவரை, 2013 நவம்பரில் நடப்புக்கு வந்த 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. எதற்காகத் தரவைக் கேட்கிறீர்கள் என்ற அறிவிப்பைத் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் தர வேண்டும் என்பது அச்சட்டத்தின் தேவை. தமிழிலும் தந்தால் உங்கள் வாடிக்கையாளர் அதைப் படிப்பார்.

நிறங்கள்

நமக்கு மஞ்சளும் சிவப்பும் மங்கல நிறங்கள். ஆனால், பளிச்சென்ற சிவப்பின்மேல் பளிச்சென்ற மஞ்சளில் எழுதினால் ஒளி வேறுபாடு ஏறத்தாழ 3.7க்கு 1 என்ற அளவில்தான் இருக்கும். சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 வேண்டும் என்பது இணையத்தளங்களை எல்லாரும் பயன்படுத்த வழிசெய்யும் அனைத்துலக அணுக்க வழிகாட்டி நெறி. சிவப்பைக் கருஞ்சிவப்பாக, அரக்கு நிறத்தை ஒட்டி மாற்றிப் பாருங்கள். அதே மஞ்சள் 10க்கு 1 என்ற அளவைத் தாண்டிவிடும், மங்கலமும் கெடாது. வெள்ளையின்மேல் இளஞ்சாம்பல் எழுத்து இப்போது பரவிவரும் பழக்கம். நண்பகல் வெயிலில் நின்று படிப்பவருக்கு அது வெற்றுத் தாளாகவே தெரியும்.

பக்கம் திறந்தவுடன் நாதசுவர இசை ஒலிப்பதும், படிக்கத் தொடங்குமுன் திரையை மறைத்து ஒரு பெட்டி வந்து நிற்பதும் உடனே நீக்க வேண்டியவை.

விலையும் நேரமும் உண்மையாக இருக்கட்டும்

இணையவழி விற்பனை குறித்த 2012ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறைகளின் காலத்திலிருந்தே, வணிகத்தின் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் இயல்பு, போக்குவரத்துச் செலவு உள்ளிட்ட முழு விலை, பணம் செலுத்தும் முறை, பொருள் வந்து சேர ஆகும் உத்தேச காலம் முதலியவற்றைத் தளத்தில் காட்ட வேண்டியிருக்கிறது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், இவைதான் வாங்குபவர் மனத்தில் இருக்கும் கேள்விகள். சபா, சரவாக்குக்கு அனுப்பும் செலவைக் கடைசிப் பக்கத்தில் முதன்முறையாகக் காட்டினால், அதுவரை வந்தவர் அங்கேயே விட்டுவிட்டுப் போவார். சென்ற ஆண்டின் சலுகை அறிவிப்பு முகப்பிலேயே கிடந்தால், கடை இன்னும் நடக்கிறதா என்ற ஐயம் எழும். தீபாவளி, தைப்பூசம், நோன்புப் பெருநாள் ஆகிய காலங்களில் நேரம் மாறினால், அதைத் தளத்தில் மாற்றும் பொறுப்பைக் கடையில் ஒருவருக்குப் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். ஒவ்வொரு முறையும் வடிவமைப்பாளரைத் தேடிப் போகும் நிலையில் இருக்கக் கூடாது.

ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்ப்பது

தளத்தை வெளியிடுவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை இதற்கென்று ஒதுக்குங்கள். பயன்பாட்டியல் வல்லுநர் ஜேக்கப் நீல்சன், ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று 2000ஆம் ஆண்டில் எழுதினார். சிறு தளங்களில் மூன்றாவது ஆளுக்குள்ளேயே முக்கியமானவை தெரிந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். தளத்தை இதுவரை பார்க்காதவர்களாகவும், அவர்களில் ஒருவரேனும் அறுபது வயதைக் கடந்தவராகவும் இருக்கட்டும். விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றைக் கையில் கொடுத்து, 'இரண்டு போத்தல் முறுக்கு முன்பதிவு செய்யுங்கள்' என்பதுபோல ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். பிறகு வாயைத் திறக்காதீர்கள். விரல் எங்கே தயங்குகிறது, எதை அழுத்திவிட்டுப் பின்வாங்குகிறது, எங்கே கண்ணாடியைத் தேடுகிறார் என்பவற்றைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 'அங்கே இருக்கிறதே' என்று நீங்கள் சொல்ல நேர்ந்தால், அதுவே திருத்த வேண்டிய இடம்.

பலகாரக் கடைத் தளத்தை இப்படிச் சோதித்தபோது, படவரிசை போய், விலைப்பட்டியல் எழுத்தில் வந்து, புலனப் பொத்தானும் சரியாக வேலை செய்துகொண்டிருந்தது. கடைக்காரரின் அத்தை கைப்பேசியை வாங்கி, விலைகளைக் கடைசிவரை நிதானமாகப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒரு போத்தல்ல எத்தனை கிராம் இருக்கும்?" என்று கேட்டார். கடைக்காரரும் யோசிக்கவில்லை, வடிவமைப்பாளரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அன்றிரவே ஒவ்வொரு போத்தலையும் தராசில் வைத்து நிறுத்து, எடையை விலைக்குப் பக்கத்தில் எழுதிச் சேர்த்தோம்.